அம்மா முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்?

1

மாதத்தின் முதல் வாரம். வங்கியில் என் கவுண்டருக்கு முன்னால் முதியோர் உதவித்தொகை வாங்க வந்தவர்களின் வரிசை. ஒரு ஆயா விரலை மெஷினில் வைக்கிறார், எடுக்கிறார், முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறார். ரேகை விழவில்லை. அறுபது வருஷம் நாற்று நட்டுக் களை பறித்த விரலில் ரேகை எங்கே மிச்சம் இருக்கும்? ரேகை விழாவிட்டால் பாஸ்புக்கில் ஒட்டியிருக்கும் படத்தையும் எதிரில் நிற்கும் ஆளையும் ஒத்துப்பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். பாஸ்புக்கைத் திறந்தேன். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு கறுப்புத் திட்டு. அதற்குள் கண்ணின் வெள்ளை இரண்டு புள்ளி, மூக்குத்தி ஒரு புள்ளி. வேறு எதுவும் இல்லை.

"ஆயா, இது நீங்கதானா?"

"நான்தான் தம்பி. கறுப்பு ஆளுக்கு போட்டோ விழாதுன்னு படம் புடிச்ச புள்ள அப்பவே சொல்லுச்சு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆயாவும் சேர்ந்து சிரித்தார். நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அந்தப் படத்தைக் காட்டி, 'இது நீ இல்லை, போய் வேறு ஆதாரம் கொண்டு வா' என்று அவரைத் திருப்பி அனுப்பவும் எனக்கு அன்றைக்கு அதிகாரம் இருந்தது. ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கவுண்டரில், என்னைப் போன்ற ஒரு குமாஸ்தா அப்படித் திருப்பி அனுப்பியும் இருப்பார். விதிப்படி அது தப்பும் இல்லை.

'கறுப்பு ஆளுக்கு போட்டோ விழாது.' இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். டிஜிட்டல் கேமராவைப் புதிதாகக் கையில் எடுக்கிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும், மூன்று வருஷமாகக் கற்றுக்கொண்டிருக்கிற ஒருவன் சொல்வது இது. நான் போட்டோகிராபர் இல்லை. கவிதை எழுதுகிறவன். சம்பளத்துக்கு ரூபாய் எண்ணுகிறவன். ஞாயிற்றுக்கிழமையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைகிறவன், அவ்வளவுதான்.

2

அப்பா செத்தபோது வீட்டில் அவருடைய படம் என்று ஒன்றே ஒன்று இருந்தது. ஏதோ ஒரு அட்டைக்காக எடுத்த ஸ்டாம்ப் சைஸ் படம். அதையும் கறுப்புத் திட்டு என்றுதான் சொல்ல வேண்டும். பெரிதாக்கித் தரச்சொல்லி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அப்பா வாழ்நாளில் போடாத கோட்டு, டை. பின்னால் நீல மேகம். முகம் கோதுமை நிறம். நெற்றியில் இருந்த தழும்பைக் காணோம். அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"யாருடா இவரு? மாவு பூசுன மாதிரி இருக்காரு. ஒங்கப்பா இப்படியா இருந்தாரு?"

காரியத்தன்று அந்தப் படத்துக்குத்தான் மாலை போட்டோம். இன்றைக்கும் அதுதான் சுவரில் தொங்குகிறது. அம்மா விளக்கேற்றும்போது அந்தப் படத்தைப் பார்ப்பதில்லை.

ஸ்டூடியோக்காரரைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கோட்டு மாட்டியதை மரியாதை என்றும், வெளுக்க வைத்ததை எங்களுக்குச் செய்த உதவி என்றும் நினைத்தே செய்தார். கூடக் காசும் கேட்கவில்லை. என் கேள்வி வேறு. நம் முகத்துக்கு ஏன் இந்த இரண்டே வழிதான் இருக்கிறது? ஒன்று, கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிற கறுப்புத் திட்டு. இல்லையென்றால் மாவு பூசிய பொம்மை. நடுவில் இருக்கிற உண்மையான முகம், தழும்போடும் சுருக்கத்தோடும் வெயிலில் காய்ந்த நிறத்தோடும் இருக்கிற முகம், எங்கே போய்த் தொலைகிறது?

இந்தக் கேள்விதான் என்னைக் கடன் போட்டு ஒரு பழைய கேமராவையும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் வாங்க வைத்தது. முதல் வருஷம் முழுக்க 'ஆட்டோ'வில் வைத்துத்தான் எடுத்தேன். சூரியன் மறைவது நன்றாக விழுந்தது. செம்பருத்திப் பூ நன்றாக விழுந்தது. ஏரிக்கரை, தும்பி, மழைத்துளி எல்லாம் காலண்டர் படம் மாதிரி வந்தன. அம்மாவைச் சுண்ணாம்பு அடித்த சுவர் ஓரமாக நிற்க வைத்து எடுத்தேன். கறுப்புத் திட்டு. சரி, கிட்டத்தில் போய் முகத்தை மட்டும் எடுக்கலாம் என்று எடுத்தேன். இந்த முறை முகம் வெளிறி, சாம்பல் பூத்து, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர் மாதிரி வந்தது. கேமரா கோளாறோ என்று சந்தேகப்பட்டேன். பிறகு லென்ஸ் மேல் சந்தேகப்பட்டேன். பிறகு என் கை மேல். கடைசியில் ஒரு நாள், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அம்மாவின் தோல்மேலேயே சந்தேகப்பட்டேன். படம் பிடித்த அந்தப் புள்ளை சொன்னது எனக்குள்ளும் ஏறி உட்கார்ந்திருந்தது.

3

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்க ஒரு மீட்டர் இருக்கிறது. பொருளின்மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. பொருளில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம் மட்டும்தான் தெரியும். எதிரே இருப்பது சுவரா, எருமையா, மனுஷியா என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே அது ஒரு கணக்கை வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. உலகத்தில் உள்ள வெளுப்பையும் கறுப்பையும் கலந்தால் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் வரும் என்பது அந்தக் கணக்கு. விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்று பழைய பாடப் புத்தகங்கள் சொல்லும். மீட்டர் எதைப் பார்த்தாலும் அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். சுண்ணாம்புச் சுவரைக் காட்டினால் 'வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துச் சாம்பலாக்கும். எருமையைக் காட்டினால் 'வெளிச்சம் போதாது' என்று கூட்டி அதையும் சாம்பலாக்கும்.

இப்போது அம்மாவின் இரண்டு படத்தையும் பாருங்கள். சுவர் ஓரமாக நின்றபோது கேமரா பார்த்தது சுவரை. படத்தில் முக்கால் பாகம் வெள்ளை. அதற்காக வெளிச்சத்தைக் குறைத்தது, அம்மா இருட்டில் விழுந்தார். கிட்டத்தில் போனபோது பார்த்தது முகத்தை மட்டும். கறுப்பாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டியது, அம்மா வெளிறிப் போனார். கெட்டது இரண்டு விதமாகக் கெட்டாலும் காரணம் ஒன்றுதான். அம்மாவின் தோலில் ஒரு குறையும் இல்லை. அவர் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்ற முடிவை நான் ஒரு சராசரிக் கணக்கிடம் விட்டுவிட்டேன், அதுதான் குறை.

இதற்கு மருந்து கேமராவிலேயே இருக்கிறது. கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான். 'எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்' என்பார்கள். கூட்டலில் 1 வைத்தால் வெளிச்சம் இரண்டு மடங்கு. கழித்தலில் 1 வைத்தால் பாதி. வெள்ளைச் சுவருக்கு முன் கறுப்பு ஆள் நின்றால் கூட்டலில் 1, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். கறுப்பு முகம் மட்டுமே படத்தை நிறைத்தால் கழித்தலில் மூன்றில் இரண்டு பங்கு, அல்லது 1. எடுத்துப் பார்த்து, முகத்தோடு ஒத்துப்பார்த்து, மறுபடி எடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. உங்களுக்கு ஒரு பத்தியில் சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் பழகியதும் 'மேனுவல்' பக்கம் வந்துவிடுங்கள். பயப்பட ஒன்றுமில்லை, மூன்றே பேரேடுதான். லென்சின் துளை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. எண். துளையை எஃப் 4-இலிருந்து எஃப் 2.8-க்குத் திறந்தால் வெளிச்சம் இரட்டிப்பு. ஷட்டரை நொடியில் 125-இல் ஒரு பங்கிலிருந்து 60-இல் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தால் இரட்டிப்பு. ஐ.எஸ்.ஓ. 400-ஐ 800 ஆக்கினால் சிக்னலைப் பெருக்கிக் காட்டுவதால் படம் இரட்டிப்பு வெளுப்பு. ஓரிடத்தில் வரவு வைத்தால் இன்னோரிடத்தில் பற்று எழுதலாம். ஆனால் எதுவும் சும்மா வராது. துளையைத் திறந்தால் முன்னும் பின்னும் மங்கும். ஷட்டர் நேரம் கூடினால் ஆள் அசைந்தது தெரியும். ஐ.எஸ்.ஓ. ஏறினால் படத்தில் புழுதி விழும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுதான் கற்றுக்கொள்வது என்பது.

'இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாமே' என்று சொல்வார்கள். ஏற்றலாம். ஆனால் இருட்டில் விழுந்த இடத்தில் விவரம் குறைவாகத்தான் பதிந்திருக்கும். ஏற்றினால் விவரத்தோடு சேர்ந்து புழுதியும் ஏறும். முகம் சொறசொறவென்று ஆகிவிடும். நம் முகங்களுக்கு எடுக்கும்போதே போதுமான வெளிச்சம் கொடுத்தாக வேண்டும்.

4

'மெஷினுக்குச் சாதி தெரியுமா, நிறம் தெரியுமா?' என்று ஒரு தோழர் கேட்டார். மெஷினுக்குத் தெரியாது. அதைச் செய்தவர்கள் எந்த முகத்தைச் சரியான முகம் என்று எதிரில் வைத்துக்கொண்டு செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

1950களில் அமெரிக்காவின் கோடாக் கம்பெனி கலர் பிரிண்ட் போடும் கடைகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் மாடலாக நின்றவர் பெயர் ஷர்லி என்பதால் பிறகு வேறு பெண்கள் நின்றபோதும் அதற்கு 'ஷர்லி அட்டை' என்றே பெயர். அட்டையில் 'நார்மல்' என்று அச்சடித்திருக்கும். ஷர்லியின் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. மற்றவர்களின் தோல் எப்படி வந்தாலும் கவலை இல்லை. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து நிற்கும் வகுப்புப் படங்களில் கறுப்புப் பிள்ளைகளின் முகம் இருட்டில் போனது. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஃபிலிமில் பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் புகார் செய்த பிறகே கோடாக் அக்கறையாக அதைத் திருத்தப் பார்த்தது என்று அவர் பதிவு செய்கிறார். மனிதத் தோலுக்காக இல்லை தோழர்களே, சாக்லேட்டுக்காகவும் நாற்காலிக்காகவும்.

இன்னொரு கதையும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசு கறுப்பு மக்கள் எங்கே போனாலும் கையில் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தது. அந்தப் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் போலராய்டு கம்பெனியின் அடையாளப்படக் கேமரா பயன்பட்டது. அதில் ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கூட்டுவதற்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. அமெரிக்காவில் அதே கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்புத் தொழிலாளிகள் 1970-இல் இதைக் கண்டுபிடித்துப் போராட்டம் தொடங்கினார்கள். வேலை போயிற்று. 1977-இல் கம்பெனி தென்னாப்பிரிக்காவைவிட்டு வெளியேறியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: கண்காணிக்க வேண்டும் என்று அதிகாரம் முடிவு செய்துவிட்டால் கறுப்பு ஆளுக்குப் போட்டோ நன்றாகவே விழும். உதவித்தொகை வாங்கப் போகும்போதுதான் விழாது.

நம் ஊருக்கு வருவோம். கேமரா நம் தெருவுக்குள் வந்தது நம்மைக் கொண்டாட இல்லை. 'இந்திய மக்கள்' என்ற பெயரில் 1868 முதல் 1875 வரை வெள்ளை அரசு எட்டுப் பாகங்களில் படப் புத்தகம் போட்டது. ஒவ்வொரு சாதியும் ஒரு மாதிரிப் பொருள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார், படமும் எடுத்தார். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய அவருடைய ஏழு பாகங்கள் 1909-இல் வந்தன. அவற்றில் உள்ள பல படங்களில் ஆளுக்குப் பெயர் கிடையாது, சாதிப் பெயர்தான் உண்டு. பெயர் இல்லாத முகமாகப் படத்துக்குள் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். முகமே இல்லாத படமாகப் பாஸ்புக்குக்குள் இருப்பவர்களும் நாம்தான்.

'அதெல்லாம் ஃபிலிம் காலத்துக் கதை, டிஜிட்டலில் எல்லாம் சரியாகிவிட்டது' என்று நினைக்க வேண்டாம். முதல் டிஜிட்டல் கேமராவை 1975-இல் செய்தவர் அதே கோடாக்கில் இருந்த ஸ்டீவன் சாசன். அதே கம்பெனியின் பிரைஸ் பேயர் செய்த வண்ண வடிகட்டி முறைதான் இன்றைக்குப் பெரும்பாலான கேமராக்களிலும் போன்களிலும் இருக்கிறது. சென்சாருக்கு நிறம் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு புள்ளியின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு வடிகட்டியை வைத்து, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து, கணக்குப் போட்டுத்தான் நிறத்தை உண்டாக்குகிறார்கள். தோல் இந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்ற ஒரு முடிவு அந்தக் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. 2021-இல் கூகுள் கம்பெனி பிக்சல் 6 போனை விற்கும்போது, கறுப்புத் தோலை உள்ளபடி காட்டும் 'ரியல் டோன்' என்று விளம்பரம் செய்தது. அதுவரை உள்ளபடி காட்டவில்லை என்ற ஒப்புதல் அதற்குள்ளேயே இருக்கிறது. 'பியூட்டி' என்று பெயர் வைத்து நம்மைக் கேட்காமலே முகத்தை வெளுக்க வைக்கும் போன்கள் எத்தனை! ஸ்டூடியோக்காரர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பூசிய மாவை இப்போது போன் ஒரு நொடிக்குள் பூசுகிறது.

5

சரி, அடுத்தவனைச் சொன்னது போதும். நம்மையும் சொல்ல வேண்டும்.

நம் கூட்டங்களின் படங்களைப் பாருங்கள். பேச்சாளருக்குப் பின்னால் பளபளக்கும் ஃபிளெக்ஸ் பேனர், தலைக்கு மேல் டியூப் லைட். படத்தில் பேனரில் இருக்கும் எழுத்து நன்றாகத் தெரிகிறது. பேசுகிறவர் நிழல். 'கருத்துதான் முக்கியம், படம் எப்படி இருந்தால் என்ன' என்கிறோம். கவிதையில் ஒற்று விட்டுப்போனால் சண்டைக்கு வருகிற நாம் இதில் மட்டும் ஏன் இவ்வளவு தாராளம்? பேனரின் ஓரமாக நகர்ந்து நின்று, இருட்டான பின்புலம் பேச்சாளருக்குப் பின்னால் வருகிற மாதிரி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீட்டரை 'ஸ்பாட்'டில் வைத்து முகத்தில் அளந்து, ஒரு படி குறைத்தால் மீதியும் தீர்ந்தது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மை அறியப் போகிறோம். தடியடி பட்ட முதுகைப் படம் எடுக்கிறோம். கறுப்புத் தோலில் கன்றிப்போன காயம் நேர் ஃபிளாஷில் தெரியாது. வியர்வையும் எண்ணெயும் பளிச்சென்று மின்னும், காயம் உள்ளே ஒளிந்துகொள்ளும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலின் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். வீக்கத்தின் மேடு நிழலாகத் தெரியும். தூரத்திலிருந்து ஒன்று, யாருடைய உடம்பு என்று தெரிகிற மாதிரி ஒன்று, கிட்டத்தில் பக்கத்திலேயே ஓர் அளவுகோலை வைத்து ஒன்று. கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று போவதற்கு முன்பே பாருங்கள். மூல ஃபைலைத் தொடாமல் பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரமும் போகும், படத்தோடு ஒட்டியிருக்கும் நேரம் முதலான குறிப்புகளும் போகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளைக் கோர்ட்டில் சாட்சியாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. பழைய சட்டத்தின் 65பி கேட்டதும் அதுதான். யார், எந்தக் கருவியில் எடுத்தார்கள் என்று அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் காயம்பட்டவரிடம் கேளுங்கள். 'எடுக்கட்டுமா, எங்கே போகும் தெரியுமா, முகம் வேணுமா வேணாமா' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை மூடிவிடுங்கள். கேட்காமல் எடுத்தால் நமக்கும் தர்ஸ்டனுக்கும் வித்தியாசம் இல்லை.

நம்மைப் படம் எடுக்க வெளியிலிருந்து வருகிற கலைஞர்களும் உண்டு. அவர்களுக்கு நம் இருட்டு பிடிக்கும். கறுப்பை இன்னும் கறுப்பாக்கி, சுருக்கத்தை இன்னும் ஆழமாக்கி, சேரியைச் சோகச் சித்திரமாகச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். அழகு என்பார்கள். அந்தப் படங்களில் நம் ஆட்கள் சிரிப்பதே இல்லை. எங்கள் தெருவில் இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவில் எந்நேரமும் யாராவது சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். அடிமைத்தனத்திலிருந்து 1838-இல் தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் தன்னை விடாமல் படம் எடுக்க வைத்தார். சுமார் 160 படங்கள் இன்றைக்குத் தெரியவந்திருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவர் அவர்தான் என்கிறார்கள், லிங்கனைவிட அதிகம். கறுப்பு மனிதனைக் கேலிச்சித்திரமாகவே வரைந்துகொண்டிருந்த நாட்டில் 'இதோ என் முகம்' என்று திரும்பத் திரும்ப வைத்தார். ரயிலில் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்த கோர்டன் பார்க்ஸ் அடகுக்கடையில் ஒரு கேமரா வாங்கித் தானாகவே கற்றுக்கொண்டார். 1942-இல் வாஷிங்டனில் அரசு அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் எல்லா வாட்சனை, அமெரிக்கக் கொடிக்கு முன்னால், துடைப்பத்தோடு நிற்க வைத்து எடுத்தார். அதோடு விட்டுவிடாமல் அவர் வீடு, பேரப்பிள்ளைகள், தேவாலயம் என்று தொடர்ந்து எடுத்தார். மும்பையின் துப்புரவுத் தொழிலாளர்களைச் சுதாரக் ஓல்வே பல வருஷம் கூடவே போய் எடுத்தார். நம் ஊரில், 2017-இல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்த எம். பழனிக்குமார் மலக்குழியில் இறங்குகிறவர்களின் வாழ்க்கையையும் சாவையும் தொடர்ந்து படம் எடுத்துவருகிறார். 2022-இல் தயானிதா சிங்–பாரி ஆவணப்பட விருதை முதலில் பெற்றவர் அவர்தான். இவர்கள் யாரும் ஒரு நாள் வந்து எடுத்துவிட்டுப் போனவர்கள் இல்லை. ஒரே தெருவுக்கு, ஒரே ஆட்களிடம், திரும்பத் திரும்பப் போனவர்கள். கேமராவைவிட அந்தப் போய்வருதல் பெரிய பாடம் என்று நினைக்கிறேன்.

6

ஆகவே புதிதாகக் கேமரா எடுக்கும் தோழருக்கு என் அபிப்பிராயம்: சூரியன் மறைவதில் ஆரம்பிக்காதீர்கள். பூவில் ஆரம்பிக்காதீர்கள். அவை ஆட்டோவிலேயே நன்றாக விழும், ஆகவே ஒன்றும் கற்றுத்தராது. உங்கள் அம்மாவின் முகத்தில் ஆரம்பியுங்கள். கேமரா இல்லையா, போன் போதும். திரையில் முகத்தின்மேல் விரலை வைத்தால் பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும். அதை மேலும் கீழும் இழுத்தால் அதுவும் கூட்டல் கழித்தல்தான். பியூட்டி கீட்டி எதுவாக இருந்தாலும் முதலில் அணைத்துவிடுங்கள்.

வாசலுக்கு உள்ளே ஓரடி தள்ளி உட்கார வைத்து, தெருவைப் பார்க்கச் சொல்லுங்கள். உச்சி வெயில் வேண்டாம். காலையில் எட்டு மணிக்கோ, வேப்பமர நிழலிலோ விழுகிற பரந்த வெளிச்சம்தான் கறுப்புத் தோலுக்கு நல்லது. அது கன்னத்தின் வளைவில் மெல்லிய பளபளப்பாக நிற்கும். இருட்டான பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியையோ தெர்மாகோல் அட்டையையோ யாரையாவது பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு நிறத்தவர் ஒரே படத்தில் நின்றால் கறுப்பானவரை வெளிச்சத்துக்குக் கிட்டே நிறுத்துங்கள். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் கோட்டில் இடது சுவரில் போய்க் குவிந்தால் இருட்டில் விவரம் போகிறது, வலது சுவரில் முட்டினால் வெளுப்பில் போகிறது. 'ரா' ஃபைலாக எடுத்தால் தோலின் நிறத்தைக் கம்பெனியின் முடிவுக்கு விடாமல் நீங்களே பிறகு வைத்துக்கொள்ளலாம். வைக்கும்போது அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, மறுபடி படத்தைப் பாருங்கள்.

எங்கள் காலனியில் நாலைந்து மாணவர்கள் சேர்ந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறு இதைச் செய்கிறோம். நூலகத் திண்ணையில் ஒரு வெளிர்நீலத் துணி, ஒரு ஸ்டூல், இந்தப் பழைய கேமரா. பாஸ்புக்குக்கோ பரீட்சை விண்ணப்பத்துக்கோ படம் வேண்டும் என்றால் வெள்ளைத் துணி. முகத்தில் அளந்துதான் எடுக்கிறோம். பிரிண்ட் செலவு மட்டும் வாங்குகிறோம். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. எல்லா ஊரிலும் செய்யக்கூடியது. கூடவே வயசானவர்களை ஒரு படம் தனியாக, அவர்களுக்குப் பிடித்த மாதிரி எடுத்துக் கொடுக்கிறோம். எத்தனை வீட்டில் செத்தவருக்கு மாலை போட ஒரு முகம் இல்லாமல் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஆயாவையும் ஒரு ஞாயிறு கூப்பிட்டேன். வந்தார். எடுத்த படத்தைக் கேமராவின் சின்னத் திரையிலேயே காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். விரலால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இம்மாம் கெழவியா ஆயிட்டனா நானு?" என்றார். பிறகு, "எங்கம்மா மாதிரியே இருக்குது தம்பி" என்றார்.

பாஸ்புக்கில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது. ரேகை விழாத மாதத்தில் எந்தக் குமாஸ்தா பார்த்தாலும் அது அவர்தான் என்று தெரியும். அப்பா படத்தை என்னால் இனிமேல் திருத்த முடியாது. எடுக்காத வெளிச்சத்தைப் பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் கொண்டுவராது. உங்கள் வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே எடுங்கள் தோழர்களே.